பானெட்டுக்குள் இரண்டு களிமண் உருண்டை

அத்தியாயம் 6

"பேய்க்குக் கைக்கடிகாரம் உண்டா, டுவெயின்?" என்று கேட்டார் வெர்னா கோவாக்.

நான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன். மிச்சிகனில் ஜனவரி மாதம் சாலை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது. ஒரு குத்துமதிப்பில்தான் ஓட்ட வேண்டும்.

"என் முன்னாள் மனைவிக்கு ஒண்ணு வாங்கிக் குடுத்தேன் மேடம். கேட்டுச் சொல்றேன்."

அவர் சிரிக்கவில்லை. மடியில் ஒரு காலண்டரை விரித்து வைத்திருந்தார். இருபத்தாறு வருஷம் போலீஸில் தடயப் பொருட்கள் வைக்கும் அறையைக் காத்தவர். ஓய்வு பெற்று, தனியாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டபோது, பழைய கார் விற்கும் கடையில் வேலை போய் நின்ற என்னைச் சேர்த்துக்கொண்டார். பத்தொன்பது வருஷம் ஜனங்களிடம் பொய் சொன்னவனுக்குப் பொய் எங்கே ஒளிந்திருக்கும் என்று தெரியும் என்பது அவர் கணக்கு.

காலண்டர் ட்ரூடி டைக்ஹவுஸ் கொடுத்தது. அவள் விவகாரம் இதுதான். போன வருஷம் பிப்ரவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அவள் அப்பா ஹார்வி தன் கராஜுக்குள் காரில் உட்கார்ந்தபடி இறந்து கிடந்தார். கராஜ் கதவு மூடியிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. முப்பது வருஷம் எஞ்சினோடு குடித்தனம் செய்தவர், மூடிய கராஜில் புகை என்ன செய்யும் என்று தெரியாமல் இருந்திருப்பாரா? தற்கொலை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

அந்த வாரம் சனிக்கிழமை ட்ரூடிக்குக் கல்யாணம் நடக்க வேண்டியது. திங்கட்கிழமை ராத்திரி அப்பாவும் மகளும் போனில் சண்டை போட்டார்கள். 'நீங்க வரவே வேணாம்' என்று சொல்லிப் போனை வைத்தாள். கல்யாணம் நின்றுபோனது. பதினொரு மாதமாக அவள் மாப்பிள்ளையையும் நிறுத்தி வைத்து, தன்னையும் நிறுத்தி வைத்திருந்தாள். 'நான் சொன்ன ஒரு வார்த்தையால் அப்பா செத்தாரா இல்லையா, அதை மட்டும் கண்டுபிடித்துச் சொல்லுங்கள்' என்று எங்களிடம் வந்தாள்.

கூடவே பேயும் வந்தது. மார்ச் முதல் தேதி அவள் அப்பா வீட்டுக்குக் குடிவந்தாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நாலு பத்துக்கு, மூடியிருக்கும் கராஜ் கதவு தானாக மேலே ஏறித் திறக்கிறது. பக்கத்தில் யாரும் கிடையாது. உள்ளே அந்தக் கார் மட்டும் நிற்கும். அவள் திரும்ப மூடி வைப்பாள். கதவு திறந்த நாளெல்லாம் காலண்டரில் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டு வந்திருந்தாள்.

"மார்ச் ரெண்டாவது ஞாயிறு எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி முன்னால தள்ளினோம். சரியா?" என்றார் வெர்னா.

"ஆமா. எனக்கு ஒரு மணி நேரத் தூக்கம் போச்சு. இன்னும் யாரும் திருப்பித் தரல."

"ஹார்வி செத்தது, போலீஸ் ரிப்போர்ட்படி, பழைய கணக்குல நாலு பத்து வாக்குல. சூரியன் அங்கேயேதான் இருக்கு, நாமதான் முள்ளைத் திருப்பினோம். செத்தவன் தன் நேரத்துக்கு வர்றான்னா அப்புறம் அஞ்சு பத்துக்கு வரணும். இது மறுநாளும் நாலு பத்துக்கே வந்திருக்கு. நவம்பர்ல திருப்பி வெச்சப்பவும் நாலு பத்து."

"அப்போ பேய் கடிகாரத்தைத் திருத்தி வெச்சிருக்கு. ஒழுக்கமான பேய்."

"ஜூலை ரெண்டாவது வாரம் பாரு. ஏழு நாள் குறியே இல்ல."

"லீவு போட்டிருக்கு. ஏரிக்கரைக்குப் போயிருக்கும்."

வெர்னா காலண்டரை மடித்தார். நான் வேடிக்கையாகத்தான் சொன்னேன். ஆனால் அவர் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

டைக்ஹவுஸ் வீட்டு வாசலில் ஒரு கிழவர் பனி தள்ளும் இயந்திரத்தை வைத்துக்கொண்டு வண்டிப் பாதையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். எதிர் வீட்டு மார்வின் போஸ்மா. எழுபத்தெட்டு வயது. எங்களைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தி, சட்டைப்பையிலிருந்து பெப்பர்மின்ட் மிட்டாய் எடுத்து ஆளுக்கு ஒன்று நீட்டினார். அந்த ஊரில் சர்ச்சுக்குப் போகிறவர்கள் பையில் பைபிள் இல்லாவிட்டாலும் பெப்பர்மின்ட் இருக்கும்.

"ட்ரூடியைப் பார்க்க வந்தீங்களா? நல்ல பொண்ணு. பாவம், சாப்பிடறதே இல்ல. ஞாயித்துக்கிழமை ஏதாவது பண்ணி எடுத்துட்டு வந்து குடுப்பேன்."

"நீங்கதான் தினமும் பனி தள்றதா?" என்றார் வெர்னா.

"நான்தாம்மா. வேற யாரு இருக்கா அவளுக்கு?" என்றவர் மணியைப் பார்த்தார். "ரெண்டரை ஆச்சு. போய்க் கொஞ்சம் படுக்கறேன்."

தெருவைக் கடக்கும்போதே இரண்டு காதிலிருந்தும் காது மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் அப்படிக் கழற்றிப் போட முடிந்திருந்தால் என் கல்யாணம் இன்னும் நீடித்திருக்கும்.

வெர்னா பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தெருவிலிருந்து வீடு வரைக்கும் துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. கராஜ் கதவுக்கு முன்னால் கடைசி நாலடி மட்டும் பனி முழங்கால் உயரத்துக்கு அப்படியே கிடந்தது.

"கிழவருக்கு மூச்சு வாங்கியிருக்கும்," என்றேன்.

"நாம வந்தப்ப அவர் வீட்டுப் பக்கம் முடிச்சுட்டுத் தெருப் பக்கமா போயிட்டிருந்தார். கடைசியாத்தான் மூச்சு வாங்கும். ஆரம்பத்துல வாங்காது."

ட்ரூடி வீட்டுக்குள்ளிருந்து வந்து கராஜுக்கு அழைத்துப் போனாள். முப்பது வயது இருக்கும், பல் டாக்டரிடம் வேலை. எங்களுக்குக் காப்பியும் காற்றாலை வடிவ பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தாள். தான் தொடவில்லை.

கார் நின்றது. எழுபதாம் வருஷத்து செவெல், கரும்பச்சை, வெள்ளைப் பட்டை. மூக்கு உள்பக்கம், வால் தெருப்பக்கம். என்னைப்போல் கார் விற்றவன் அதன் முன்னால் தொப்பியைக் கழற்றாமல் நிற்க முடியாது. நான் கழற்றினேன். குளிர் மண்டையில் ஏறியது, மறுபடி மாட்டிக்கொண்டேன்.

"அன்னைக்குப் போலீஸ் எடுத்த படத்துல உங்கப்பா கையில ஒரு பென்சில் இருக்கு. மடியில பேப்பர் இல்ல," என்றார் வெர்னா.

ட்ரூடியின் முகம் சுருங்கியது. "அதைத்தான் என்னால தாங்கவே முடியல. எனக்கு லெட்டர் எழுதப் பார்த்திருக்கார். அப்புறம் இவளுக்கு என்ன எழுதறதுன்னு விட்டுட்டார். போலீஸ்காரர் அப்படித்தான் சொன்னார்."

"பானெட்டை யாராவது திறந்து பார்த்தாங்களா?"

"எதுக்கு? அவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். பானெட் மூடியிருந்தது. அதுக்கப்புறம் நானும் தொடல."

வெர்னா என்னைப் பார்த்தார். நான் கொக்கியைத் தடவி விடுவித்து பானெட்டைத் தூக்கினேன்.

எஞ்சின் மேல், அதற்குள் போகும் காற்றை வடிகட்டும் வட்டமான பெரிய ஏர் கிளீனர் ஒன்று உட்கார்ந்திருந்தது. புத்தம் புதுசு, ஒரு கீறல் இல்லை. அதன் மூடி மேல் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, குழந்தைகள் விளையாடும் நீலக் களிமண்ணில் இரண்டு உருண்டைகள். இரண்டும் நசுங்கித் தட்டையாக இருந்தன.

ட்ரூடி ஓரடி பின்னால் போனாள். "அது என்ன? யார் வெச்சது?"

"பயப்படாதீங்க, பேய் இதெல்லாம் செய்யாது," என்றேன். "பழைய கார்ல பெரிய ஏர் கிளீனர் மாட்டறவன் எவனும் செய்யற வேலைதான். மேல இடம் பத்துமா, பானெட் இடிக்குமான்னு கண்ணால பார்க்க முடியாது, மூடினா தெரியாது. அதனால களிமண்ணை வெச்சு மெதுவா மூடித் திறப்பான். களிமண் எவ்வளவு தடிமனா மிஞ்சுதோ அவ்வளவுதான் இடைவெளி. பென்சிலைக் குத்தி, நகத்தால அடையாளம் வெச்சு அளந்துக்குவான்."

சொல்லி முடிக்கும்போதே என் வாய் தானாக நின்றது.

"பென்சிலா?" என்றார் வெர்னா மெதுவாக.

குனிந்து பார்த்தேன். வலப்பக்கக் களிமண்ணின் நடுவில் பென்சில் நுழைந்த ஓட்டை, உருண்டையாக, தெளிவாக. இடப்பக்கத்திலும் ஓட்டை இருந்தது. ஆனால் அது நசுங்கி, ஒரு பக்கமாக இழுபட்டு, ஊசி முனை அளவுக்கு மூடியிருந்தது.

"ஒரே பானெட்தானே? ஒண்ணு மட்டும் ஏன் ஓட்டை போட்ட பிறகு மறுபடி நசுங்கியிருக்கு?" என்றார் வெர்னா. அவருக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாதவர்கள் கேட்கும் கேள்விதான் ஆளைக் கொல்லும்.

நான் என் நெற்றியில் அடித்துக்கொண்டேன். "எஞ்சின் ஓடியிருக்கு மேடம். பெரிய எஞ்சின் சும்மா நிக்கும்போது ஒரு உயரம். கியரைப் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு ஆக்ஸிலேட்டரை மிதிச்சா டிரைவர் உட்கார்ற இடப்பக்கமா எகிறும். ஹார்வி முதல்ல சும்மா மூடி அளந்திருக்கார். ரெண்டிலும் ஓட்டை. திருப்தி ஆகல. திரும்ப மூடி, உள்ளே உட்கார்ந்து, ஓட விட்டு மிதிச்சுப் பார்த்திருக்கார். இடப்பக்கம் நசுங்கினது அப்போதான்."

"அப்புறம்?"

"அப்புறம் இறங்கி வந்து, திறந்து, மறுபடி குத்தி அளக்கணும். அதுக்குத்தான் பென்சிலைக் கையில எடுத்து வெச்சிருக்கார்."

ட்ரூடி காரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "லெட்டருக்கு இல்லையா?"

"லெட்டருக்கு இல்லம்மா. சாகறதுக்கு உட்கார்ந்தவன் எதுக்கு பானெட் இடிக்குமான்னு கவலைப்படறான்?"

அவள் அழவில்லை. வேறு எதையோ யோசித்தாள். "இந்தக் கார்ல இத்தனை வருஷமா ஏர் கிளீனரே இல்ல. எஞ்சினை ஏதோ உசத்தி மாத்தினார், பழையது இடிச்சுதுன்னு கழட்டி எறிஞ்சுட்டார். அன்னையிலேர்ந்து உள்ளே ஒரே பெட்ரோல் நாத்தம். அன்னைக்குப் போன்ல நான் கத்தினதே அதுக்குத்தான். என்னை சர்ச்சுக்கு இதுலதான் கூட்டிட்டுப் போவேன்னு ஒத்தக் கால்ல நின்னார். வெள்ளை கவுன் பூரா பெட்ரோல் நாறும்ப்பா, என்னைவிட உங்களுக்கு இந்த டப்பாதான் பெருசு, நீங்க வரவே வேணாம்னு…"

 திங்கட்கிழமை ராத்திரி மகள் நாற்றம் என்றாள். செவ்வாய்க்கிழமை அப்பா நாற்றம் வராமல் மூடுவதற்கு ஏர் கிளீனர் வாங்கி வந்து மாட்டிக்கொண்டிருந்தார்.  நான் பெப்பர்மின்ட்டை வாயில் போட்டுக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்தேன்.

"ஆனா கதவு?" என்றாள் ட்ரூடி. "அவர் கதவைத் திறக்காம எஞ்சினைத் தொடவே மாட்டார். அப்புறம் ஏன் மூடியிருந்தது? ரிமோட் ரெண்டுதான். ஒண்ணு இந்தக் கார்ல. ஒண்ணு என் சாவிக் கொத்துல."

"களிமண்ணு சொன்னது சரியான்னு முதல்ல பார்த்துடலாம்," என்றார் வெர்னா. "டுவெயின், இதை ஓட வைக்க முடியுமா?"

பதினொரு மாதம் தூங்கிய காரை எழுப்புவது லேசான வேலை இல்லை. என் வண்டியில் கிடந்த உபரி பேட்டரியை இழுத்து வந்தேன். பழைய பெட்ரோலை இறக்கிப் புதுசு ஊற்றினேன். ட்ரூடி சாவிக் கொத்திலிருந்த ரிமோட்டை அமுக்கிவிட்டுக் கொத்தை என்னிடம் கொடுத்தாள். கராஜ் கதவு முனகிக்கொண்டே மேலே ஏறியது. பனி வெளிச்சம் உள்ளே வந்தது.

"நாமே திறந்துட்டோம். இன்னைக்குப் பேய்க்கு வேலை மிச்சம்," என்றேன்.

வெர்னா கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று ஐம்பது. "ட்ரூடி, உட்கார்றது நீ. உங்கப்பா எப்படி உட்கார்ந்தாரோ அப்படியே."

அவள் முகம் வெளுத்தது. அந்த இருக்கையை அவள் பதினொரு மாதமாகத் தொடவில்லை. ஆனாலும் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கையில் ஹார்வியின் காதடைப்பான் கிடந்தது, தலையில் மாட்டும் பெரிய ரகம். அதையும் எடுத்து மாட்டிக்கொண்டாள். நான் புதுக் களிமண் இரண்டு உருண்டை வைத்து, மூடித் திறந்து, பென்சிலால் குத்தி, மறுபடி பானெட்டை மூடினேன். சக்கரங்களுக்கு முன்னால் கட்டை வைத்தேன்.

"பானெட் மேலேயே கண்ணை வை. துள்ளுதான்னு பாரு," என்று அவளிடம் சொன்ன வெர்னா, என் கையைப் பிடித்து வீட்டுப் பக்கச் சுவரில் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே கதவுக்கான பொத்தான் இருந்தது. "நீ இங்கேயே நில்லு. என்ன ஆனாலும் நகராதே."

"நீங்க?"

"நான் கொஞ்சம் காத்தாட நிக்கறேன்," என்று வெளியே பனிக்குள் போய்விட்டார். வெளியே சைபருக்குக் கீழே எட்டு டிகிரி.

எஞ்சின் இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில் சுவரில் மாட்டியிருந்த திருப்புளிகள் ஆடின. நான் கை காட்டினேன். ட்ரூடி கியரைப் போட்டு, பிரேக்கை மிதித்தபடி ஆக்ஸிலேட்டரை அமுக்கினாள். பானெட் லேசாக அதிர்ந்தது. அவள் கண் அதிலேயே இருந்தது. உதடு அசைந்தது. அப்பாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

அப்போது கராஜ் இருட்டத் தொடங்கியது.

திரும்பிப் பார்த்தேன். அவளுக்குப் பின்னால் கதவு இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. நான் பொத்தானுக்கு ஓரடி தள்ளி நின்றேன், சாவிக் கொத்து என் பாக்கெட்டில் இருந்தது, இன்னொரு ரிமோட் காரின் வெயில் மறைப்பில், பேட்டரி செத்துக் கிடந்தது. கதவு அது பாட்டுக்கு இறங்கியது. 

"ட்ரூடி!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் பானெட்டையே பார்த்துக்கொண்டு இன்னும் மிதித்துக்கொண்டிருந்தாள். கதவு தரையைத் தொட்டு மூடிக்கொண்டது. தலைக்கு மேலே பல்பு எரிந்ததால் வெளிச்சம் போனதுகூட அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பின்னால் புகை மட்டும் சுருண்டு சுருண்டு திரும்பி வந்தது.

நான் பொத்தானைக் குத்தினேன். கதவு ஏறியது. வெளியே வெர்னா எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். எதிர் வீட்டுச் சமையலறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கடிகாரத்தில் நாலு பதினொன்று.

எஞ்சினை நிறுத்தி ட்ரூடி காதடைப்பானைக் கழற்றினாள். "பானெட் துள்ளல. ஏன் ரெண்டு பேரும் இப்படிப் பார்க்கறீங்க?"

"உனக்குப் பின்னால கதவு மூடித் திறந்தது," என்றார் வெர்னா. "தெரிஞ்சுதா?"

அவள் திரும்பிக் கதவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "இல்ல… எனக்குத் தெரியவே இல்ல." பிறகு குரல் சன்னமானது. "அப்பாவுக்கும் தெரிஞ்சிருக்காது."

நான் பானெட்டைத் தூக்கினேன். வலப்பக்கக் களிமண்ணில் ஓட்டை அப்படியே இருந்தது. இடப்பக்கத்து ஓட்டை இழுபட்டு மூடியிருந்தது. பழையதும் புதியதும் ஒரே அச்சு.

"புகையில இருக்கற விஷவாயுவுக்கு வாசனை கிடையாதும்மா," என்றேன். "குளிர்ல பழைய எஞ்சின், மூடின இடம். சில நிமிஷத்துல தலை கனக்கும். இறங்கணும்ங்கிற நினைப்பே வராது. பென்சிலை எடுத்தவர் அப்படியே இருந்திருப்பார்."

"கதவு தானா திறக்கல ட்ரூடி," என்றார் வெர்னா. "தினமும் மூடியிருந்ததால திறந்தது. இன்னைக்கு நாம திறந்து வெச்சோம், அதனால மூடிச்சு. ரிமோட்ல திறக்கவும் மூடவும் ஒரே பொத்தான்தான். அமுக்கறவர் பார்த்து அமுக்கல. யாருகிட்டயோ மூணாவது ரிமோட் இருக்கு. ஜூலை ரெண்டாவது வாரம் இந்தத் தெருவுல யாரு ஊர்ல இல்ல?"

"போஸ்மா அங்கிள். அவர் பையன் ஏரிக்கரையில வீடு எடுத்து…" என்று சாதாரணமாகச் சொல்லத் தொடங்கினாள். "அவர்கிட்ட ரிமோட் எல்லாம் கிடையாதே… இருங்க. ஒரு தடவை நாங்க ஃப்ளோரிடா போனப்ப அப்பா குடுத்தார். அப்புறம் திருப்பி வாங்கிக்கல, ஏன்னா அப்பா எப்பவும் கதவை மூட மறந்துட்டு உள்ளே போயிடுவார், அங்கிள்தான் தூங்கி எழுந்ததும் ஜன்னல் வழியா பார்த்து மூடி…"

கை வாய்க்குப் போனது.

அவள் கோட்டுக்கூடப் போடாமல் தெருவைக் கடந்தாள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். மணி அடித்தாள், யாரும் வரவில்லை. கையால் அறைந்தாள். கடைசியில் கிழவர் கதவைத் திறந்தார். காதில் மெஷின் இல்லை. கையில் ரிமோட் இருந்தது, அதன் பொத்தான் தேய்ந்து வெளுத்திருந்தது. ட்ரூடியின் கண் போன இடத்தைப் பார்த்து அவருக்குப் புரிந்துவிட்டது. மறைக்க முயலவில்லை.

"கார் அங்கேயேதான் நின்னுது, ட்ரூடிம்மா," என்றார். கேட்காதவர்கள் பேசும் உரத்த குரல். "எப்பவும் நிக்கற மாதிரி. காதுல ஒண்ணும் மாட்டல நான். ஹார்வி இன்னைக்கும் மறந்துட்டான் பாருன்னு சிரிச்சுக்கிட்டே அமுக்கிட்டுக் காப்பி போடப் போனேன். ஆம்புலன்ஸ் வந்தப்பத்தான் தெரிஞ்சுது."

 

"பதினொரு மாசமா நாலு பத்துக்குத் திறந்து விட்டுட்டே இருக்கேன்," என்றார் போஸ்மா. "அந்தக் கதவைப் பார்க்கற தைரியம் இல்ல. கண்ணை மூடிக்கிட்டு அமுக்குவேன். இப்பவாவது எழுந்து வெளிய வந்துடமாட்டானான்னு. ஒருநாளும் வரல."

அவள் உள்ளே போய் மேஜை மேல் இருந்த காது மெஷின்களை எடுத்து வந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் மாட்டிக்கொள்ளும் வரை காத்திருந்தாள்.

"உங்க தோள்ல சாய்ஞ்சு அழுதேன் அங்கிள். நான்தான் அப்பாவைக் கொன்னுட்டேன்னு எத்தனை ஞாயித்துக்கிழமை அழுதேன். முதுகைத் தட்டிக் குடுத்தீங்க. சாப்பிடும்மான்னீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. கதவை நீங்க மூடினது தெரியாம செஞ்சது. வாயை மூடினது தெரிஞ்சேதானே செஞ்சீங்க?"

"ஒவ்வொரு ஞாயிறும் சொல்லத்தான் வந்தேன்மா."

"வந்து பாத்திரத்தைக் குடுத்துட்டுப் போனீங்க."

 கிழவர் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, இரக்கமும் வந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது. தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

ட்ரூடி தன் வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். கராஜுக்குள் போய்க் காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். கதவு விரியத் திறந்திருந்தது. எஞ்சின் எழுப்பிய சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. போஸ்மா வாசற்படியில் நின்று, அன்றைக்குக் கேட்காமல் விட்ட சத்தத்தைக் கேட்டார். காதிலிருந்து கழற்றவில்லை. அவள் நிறுத்தும் வரை நின்றார்.

"ரிப்போர்ட்ல என்ன எழுதணும்?" என்று அவளிடம் கேட்டார் வெர்னா.

"விபத்துன்னு எழுதுங்க. பேரை நீங்க எழுத வேணாம். அவரே போலீஸுக்குப் போய்ச் சொல்லட்டும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்பேன்."

அவர் ஞாயிறு வரை காத்திருக்கவில்லை. மறுநாள் காலையிலேயே, முடியெல்லாம் படிய வாரிக்கொண்டு, சர்ச்சுக்குப் போகும் உடையில் போய்ச் சொல்லிவிட்டார்.

அன்று மத்தியானம் பேட்டரியை எடுக்கப் போனேன். ஹார்வியின் மேஜையடியில் பிரிக்காத ஒரு பெட்டி கிடந்தது. ஏர் கிளீனருக்குள் வைக்கும், அரை அங்குலம் உயரம் குறைந்த ஃபில்டர். இடப்பக்கம் இடிக்கும் என்று முன்கூட்டியே நினைத்து அதையும் வாங்கி வைத்திருந்தார் அந்த மனிதர். அதை மாட்டி, களிமண்ணை வைத்து, பென்சிலால் குத்தி, எஞ்சினை ஓட விட்டு, திறந்தேன். இரண்டு ஓட்டையும் உருண்டையாக இருந்தன.

"ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமா?" என்றாள் ட்ரூடி. கதவுக்கு முன்னால் மிஞ்சிக் கிடந்த நாலடிப் பனியை நான் தள்ளினேன். உள்ளே போய் வெள்ளை கவுனைக் கொண்டுவந்து பின் இருக்கையில் விரித்தாள். ஊரை இரண்டு சுற்று சுற்றினோம். ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. வெர்னா கேட்டால் நம்பமாட்டார்.

திரும்பி வந்தபோது நாலு எட்டு. வண்டியை வெளியிலேயே நிறுத்தி, சாவிக் கொத்து ரிமோட்டால் அவளே கராஜ் கதவை மூடினாள். மூடி விட்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை.

நாலு பத்து ஆனது. கதவு அசையவில்லை. எதிர் வீட்டு ஜன்னலில் திரை விழுந்திருந்தது. நாலு பதினொன்று ஆனது.

"தினமும் திறக்கும்போது பயமாத்தான் இருக்கும்," என்றாள். "ஆனா அப்பா வர்றார்னு நினைச்சுக்குவேன்."

பேயைப் பிடித்துக் கொடுக்கிறோம் என்று வந்தவர்கள் அவளிடம் மிச்சமிருந்ததையும் பிடுங்கிக்கொண்டோம் என்று அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. 

அவள் காருக்குள் குனிந்து கவுனை எடுத்தாள். இரண்டு கையாலும் முகத்தில் வைத்து அழுத்தி, நீளமாக மூச்சை இழுத்தாள். வெகு நேரம் முகத்தை எடுக்கவே இல்லை.

"நாத்தமே இல்ல," என்றாள் துணிக்குள்ளிருந்து. "அப்பா, நாத்தமே இல்ல."